பனிக்கு ஆகாத பனியன்

ஸ்ரீநகரிலிருந்து பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்குக்குப் போகும் வழியில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் தங்மார்க் என்று ஓர் ஊர். மேலே இன்னும் 13 கிலோமீட்டர். பனி கொட்டிய நாள்களில் சாதாரண வண்டிகளுக்கு அதோடு எல்லை. சக்கரத்தில் சங்கிலி பூட்டியவைதான் மேலே போகும். எங்கள் வண்டி நின்று ஒரு நிமிடம் ஆகவில்லை, ஜன்னலில் தட்டல். "கோட், பூட், சார்?" கடை வாசல் முழுக்க முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட்டுகள், கழுத்தில் செயற்கை ரோமம். கீழே வரிசையாக ரப்பர் பூட்ஸ். என் மச்சினன் இறங்கிப் போய் ஒரு செட் மாட்டிக்கொண்டு வந்தான். போகிற இடத்தில் கிடைப்பதைச் சுமந்துகொண்டு போகக் கூடாது என்பது அவன் கொள்கை. நான் எதிர்க்கட்சி. கோவையில் இரண்டு வாரம் கடை ஏறி இறங்கி 23,000 ரூபாய்க்கு வாங்கிய மூட்டை வண்டியின் தலைமேல் இருந்தது.

மறுநாள் மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் தோற்றுப் போனோம். பனிச்சறுக்கின் முதல் பாடமே முழங்காலை மடக்கு என்பதுதான். அவன் கோட்டு அதற்கு விடவில்லை. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்வெட்டரோடு நின்றான். நானோ உள்ளே வியர்வையில் ஊறி, வெளியே பனியில் ஊறி, பல் தந்தியடிக்க நின்றேன். "மாமா, உங்க பெட்டியில பாதி ஊட்டிக்குத்தானுங்க ஆகும்" என்றான். கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி.

முதல் பனிச்சறுக்குப் பயணத்துக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால் கிடைக்கும் அறிவுரைகள் அநேகமாக இந்த இரண்டு கட்சிக்குள் அடங்கிவிடும். எல்லாவற்றையும் வாங்கு, சொந்தப் பொருள்தான் உடம்புக்குப் பொருந்தும் என்பார் ஒருவர். எல்லாவற்றையும் வாடகைக்கு எடு, பிடிக்காமல் போனால் பரணில்தான் கிடக்கும் என்பார் இன்னொருவர். இரண்டாமவர் பக்கம் ஒரு வலுவான சாட்சி உண்டு: 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் குல்மார்க்கில் பனியே இல்லை, சரிவுகள் பழுப்பாகக் கிடந்தன. சொந்த ஸ்கீயோடு போனவர் அதை என்ன செய்திருப்பார்? இருந்தாலும் மொத்தமாக வாங்குவதும் மொத்தமாக வாடகைக்கு எடுப்பதும் பொருளின் வேலையைப் பார்க்காத முடிவுகள். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, முதல் மூன்று நாளில் இது எனக்கு என்ன செய்யும், இதையே அங்கே நல்லபடியாக வாடகைக்குத் தருவார்களா, சறுக்குவது பிடிக்காமல் போனாலும் ஊரில் உதவுமா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கணக்கு வேறாகிறது.

முதல் மூன்று நாளில் நடப்பது என்ன? படங்களில் பார்ப்பதுபோலப் பறப்பது கிடையாது. காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் இருபது அடி ஏறுவீர்கள், பத்து விநாடியில் இறங்குவீர்கள், விழுவீர்கள், எழுந்திருக்கப் போராடுவீர்கள். பிறகு பயிற்சியாளர் அடுத்தவரைக் கவனிக்கும்வரை அசையாமல் நிற்பீர்கள். ஏறும்போது கட்டட வேலை செய்கிறவர் போல வியர்க்கும். நிற்கும்போது அந்த வியர்வை ஆறும். கிண்ணம் போலக் குழிந்த குல்மார்க் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர். பிப்ரவரியில் வெயிலடிக்கும் பகல் அப்படி ஒன்றும் உறையவைக்காது. முதல்முறை வருகிறவரை நடுங்கவைப்பது ஈரம்.

இங்கேதான் நம் பருத்தி காலை வாருகிறது. கொங்கு நாட்டுக்காரன் இதை எழுதினால் திருப்பூரில் யாரும் தண்ணீர் தர மாட்டார்கள். என்றாலும் சொல்லியாக வேண்டும். நம் வெயிலுக்குப் பருத்தி ஏன் சுகம்? வியர்வையைக் குடித்துவைத்து, காற்றுப் படும்போது ஆவியாக்கி, உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே வித்தைதான். பனிமலையிலும் பருத்தி தன் வேலையை விடாமல் செய்யும். பனியன் போட்டுக்கொண்டு பனியில் வியர்க்கிறவர் மண்பானைத் தண்ணீர்.

ஆய்வகத்தில் 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் பருத்தி தன் எடையில் எட்டு விழுக்காட்டுக்கு மேல் ஈரம் வாங்குகிறது. பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட வாங்குவதில்லை. கம்பளி 16 விழுக்காடு வரை வாங்கும். அப்படியானால் கம்பளி பருத்தியைவிட மோசமல்லவா என்று கேட்கத் தோன்றும். கம்பளி இழை ஈரத்தைத் தனக்குள்ளே வாங்கிக்கொள்கிறது, அதன் சுருள் நனைந்தும் படுத்துவிடுவதில்லை, சுருளுக்கிடையில் அடைபட்ட காற்று சூட்டைக் காக்கிறது. நனைந்த பருத்தியோ முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காற்றைப்போல 25 மடங்கு சூடு கடத்தும் தண்ணீர் தோலோடு தோலாக உட்கார்ந்துவிடும்.

'தெர்மல்' என்று எழுதியிருந்தால் போதும் என்று நானும் நம்பித்தான் வாங்கினேன். விடுதி அறையில் ஹீட்டர்மேல் காயப்போட்டபோதுதான் இடுப்புப் பட்டையின் உள்ளே தைத்திருந்த சீட்டைப் படித்தேன்: பாதிக்கு மேல் பருத்தி. கடையைக் குறை சொல்ல முடியாது. டெல்லிக் குளிரில் அலுவலகம் போகிறவருக்கு அது நல்ல உடுப்பு, அவர் வியர்க்கப்போவதில்லை. நமக்கு வேண்டியது முழுப் பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி. மெரினோ மெல்லியது, அரிக்காது, மூன்று நாள் போட்டாலும் நாறாது, விலைதான் கடிக்கும். பாலியெஸ்டர் இரண்டாம் நாளே நாறும், ஆனால் இரவில் அலசிப்போட்டால் காலையில் காய்ந்திருக்கும். முதல் பயணத்துக்குப் பாலியெஸ்டரே போதும். காலையில் ஓடப் போகிறவர்கள் அணியும் உடம்பைப் பிடித்த முழுக்கை விளையாட்டுச் சட்டை வீட்டில் இருந்தால் அதுவே இந்த வேலையைச் செய்யும். இரண்டு செட், சொந்தமாக. தோலில் படுவதை வாடகைக்கு எடுக்கச் சொல்லும் சிக்கனம் எனக்குப் புரிவதில்லை.

அதற்கு மேல் என்ன என்று கேட்டால் எல்லோரும் 'மூன்று அடுக்கு' மந்திரத்தை ஓதுவார்கள். மந்திரம் சரிதான். மூன்றையும் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வதில்தான் தப்பு. நடு அடுக்குக்கு ஃப்ளீஸ் ஜாக்கெட் போதும், நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. முன்பக்கம் முழுக்க ஜிப் உள்ளதாகப் பாருங்கள். ஏறும்போது திறக்க வேண்டும், தேவைப்பட்டால் கழற்றி இடுப்பில் கட்ட வேண்டும். தலைவழி மாட்டும் ஸ்வெட்டரைக் கழற்றுவதற்கு ஹெல்மெட், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும், அதனால் யாரும் கழற்றுவதில்லை, வியர்த்துக்கொண்டே நிற்கிறார்கள்.

என் மூட்டையில் மிக விலையுயர்ந்தது வாத்துத் தூவி அடைத்த ஜாக்கெட். கையில் எடுத்தால் பஞ்சு போல, போட்டால் அடுப்படி போல. சறுக்குச் சரிவில் முதல் நாள்காரருக்கு அதைவிடத் தவறான பொருள் இல்லை. தூவி உப்பியிருக்கும்வரைதான் சூடு. நனைந்தால் கட்டியாகித் துணியோடு ஒட்டிவிடும். விழாமல் சறுக்குகிறவருக்கு ஆகலாம். மணிக்கு இருபது தடவை பனியில் புரள்கிறவருக்கு ஆகாது. சாயங்காலம் விடுதியிலிருந்து கடைத்தெருவுக்கு நடக்கும்போது அதன் பெருமை தெரிந்தது, அவ்வளவுதான்.

வெளி அடுக்கில் எல்லோரும் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள், படத்தில் தெரிவது அதுதான். பேச வேண்டியது பேன்ட்டைப் பற்றி. புதியவர் உட்கார்ந்தே பாதி நாளைக் கழிக்கிறார். உட்காரும்போது உடம்பு எடை பனியை அழுத்தி, உருகிய நீரைத் துணிக்குள் தள்ளுகிறது. விற்பனைச் சீட்டில் 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அத்தனை உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தத்தைத் துணி தாங்கியது என்று பொருள். ஜாக்கெட் இதற்குக் குறைந்திருந்தாலும் பனி பொழியாத நாளில் சமாளிக்கலாம். பேன்ட்டில் சமரசம் வேண்டாம், தையல்களின் உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஜீன்ஸ் பற்றி ஒரு வரி போதும்: அது கனமான பருத்தி.

இவை இரண்டையும் வாங்க வேண்டியதில்லை. குல்மார்க்கில் ஸ்கீ வாடகைக் கடைகளே சறுக்கு ஜாக்கெட்டும் பேன்ட்டும் தருகின்றன. தங்மார்க் கோட்டுக் கடை வேறு, இது வேறு. பழைய துணியில் நீர்காப்புப் பூச்சு போயிருக்கும் என்பது நியாயமான பயம். அதற்கு ஒரு சோதனை உண்டு. பேன்ட்டின் பின்புறத்தில் ஒரு கை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலைமேல் போல உருண்டு ஓடினால் எடுத்துக்கொள்ளலாம். கருத்துப் பரவினால் வேறு கேளுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இனி பூட்ஸ். இந்தத் தீர்ப்பில்தான் எனக்கும் பழகிய சறுக்காளர்களுக்கும் ஒத்துப்போகாது. அவர்களைக் கேட்டால் ஒரே குரலில், முதலில் சொந்தமாக வாங்க வேண்டியது பூட்ஸ்தான் என்பார்கள். அவர்கள் வாதம் வலுவானது. உங்கள் காலின் அசைவைப் பலகைக்குக் கொண்டுபோவது பூட்ஸ். கெட்டிப் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் இருக்கும் மெத்தை நாளாக ஆக ஒருவர் காலின் வடிவத்துக்குப் படிகிறது. வாடகைப் பூட்ஸில் அது ஊரார் காலுக்கெல்லாம் படிந்து யாருக்கும் பொருந்தாமல் போயிருக்கும். எல்லாம் உண்மை. ஆனால் இது பத்து இருபது நாள் சறுக்கியவருக்கான உண்மை. ஸ்கீ பூட்ஸைக் காலைப் பார்த்து, அளந்து, ஓட்டைச் சூடாக்கி வளைத்துப் பொருத்தித் தர ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும். நம் ஊர்ப்பக்கம் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. அப்புறம் பூட்ஸின் விறைப்பு. அதற்கு ஓர் எண் உண்டு. புதியவருக்கு 60, 70 என்று இளக்கமானதுதான் சரி. கொஞ்சம் தேறியதும் அதுவே கொழகொழவென்று தோன்றும், மறுபடி வாங்க வேண்டிவரும். எடை ஜோடி மூன்று நான்கு கிலோ, உள்நாட்டு விமானத்தில் உங்களுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் 15 கிலோ. ஆகவே முதல் பயணத்துக்கு வாடகைதான். மிச்சம் பிடித்த பணத்துக்கு ஈடாக, வாடகைக் கடையில் அரை மணி நேரம் செலவழியுங்கள்.

அந்த அரை மணியில் செய்ய வேண்டியது இது. ஸ்கீ பூட்ஸ் அளவு சென்டிமீட்டரில் இருக்கும். வீட்டிலேயே சுவரில் குதிகாலை வைத்து, காகிதத்தில் பெருவிரல் நுனியைக் குறித்து அளந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. போட்டுக்கொண்டு நேராக நின்றால் விரல் முன்னால் தட்ட வேண்டும்; முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும்; குதிகால் மேலே எழக் கூடாது. நமக்குச் செருப்பிலேயே வளர்ந்த கால். இறுக்கம் என்றாலே பயந்து ஒரு அளவு பெரிதாகக் கேட்போம். பெரிதான பூட்ஸில் கால் வழுக்கும், வழுக்குவதைத் தடுக்கக் கொக்கியை இறுக்குவோம், ரத்தம் நிற்கும், விரல் மரத்துப்போகும். மரத்துப்போனதும் குளிர் என்று நினைத்து இன்னொரு சாக்ஸ் போடுவோம்.

நான் போட்டேன். தடித்த கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி, அதற்குள் தெர்மலின் கணுக்கால் பட்டி. நாற்பது நிமிடத்தில் இடது காலில் விரல்கள் இருக்கின்றனவா என்பதே சந்தேகமாகிவிட்டது. தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து கழற்றினேன். முன்னங்கால் எலும்பின்மேல் சாக்ஸின் மடிப்பு, கயிறு கட்டி இழுத்த தழும்பு போலச் சிவப்பாகப் பதிந்திருந்தது. கடைக்காரப் பெரியவர் ஃபெரன் என்ற நீள அங்கிக்குள்ளிருந்து காங்கிரி என்ற தணல் சட்டியை எடுத்து என் காலடியில் நகர்த்தினார். தணல் பட்டும் விரலுக்கு உணர்வு வரப் பத்து நிமிடம் ஆயிற்று.

ஒரு ஜோடி போதும். மெல்லியதாக, முழங்காலுக்குச் சற்றுக் கீழேவரை வருவதாக, மடிப்பு விழாததாக. தெர்மல் பேன்ட் பூட்ஸுக்கு மேலேயே முடிந்துவிட வேண்டும். மொத்த மூட்டையிலும் காசுக்கு அதிகப் பலன் தருவது இந்த சாக்ஸ்தான். இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிக் காயவையுங்கள்.

ஸ்கீயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாடகைதான். பலகையை நிறுத்திப் பார்த்தால் உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே வர வேண்டும். குல்மார்க் ஆழமான புதுப்பனிக்குப் பேர்போனது; அதற்கென்றே அகலப் பலகைகள் கடையில் இருக்கும், பார்க்கவும் பகட்டாக இருக்கும். கற்றுக்கொள்கிறவருக்கு நடுவில் குறுகிய பலகை வேண்டும். அகலமானதைத் திருப்புவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். கைக்கோலைப் பல பயிற்சியாளர்கள் முதல் நாள் தருவதே இல்லை.

பலகையில் கவனிக்க வேண்டியது பூட்ஸைப் பிடித்திருக்கும் பூட்டு. 1937இல் அமெரிக்காவில் வாழ்ந்த நார்வேக்காரர் யால்மர் வாம், சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு, விழும்போது தானே கழன்றுகொள்ளும் பூட்டை உருவாக்கினார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய பூட்டு. அது எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், சறுக்கும் தரம் இவற்றைக் கேட்டுத்தான் திருகிவைப்பார்கள். ஆகையால் அங்கே பொய் சொல்லாதீர்கள். எடையைக் குறைத்துச் சொல்கிறவர்களும், 'ஓரளவு தெரியும்' என்று தரத்தைக் கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு. கூட்டிச் சொன்னவருக்குப் பூட்டு கழலாது, முழங்கால் திருகிக்கொள்ளும். கேட்காமலே பலகையைக் கையில் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கையுறை சொந்தமாகவே இருக்கட்டும். வாடகைக் கையுறை நேற்றைய ஆளின் ஈரத்தோடு வரும். கம்பளி பின்னிய கையுறை ஒரு தடவை விழுந்ததும் நனைந்துவிடும். வெளியே நீர்காப்புத் துணி, உள்ளே பஞ்சு வைத்ததாக வேண்டும். விரல் பிரியாத மிட்டன் அதிகச் சூடு என்பது சரி, ஆனால் பூட்ஸ் கொக்கியை நாளுக்கு முப்பது தடவை திறந்து மூடும் புதியவருக்கு ஐந்து விரலும் வேண்டும்.

சறுக்குக் கண்ணாடியும் சொந்தம். ஆயிரம் மீட்டர் உயர உயரப் புற ஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது, புதுப்பனி அதில் எண்பது விழுக்காடு வரை திருப்பி அடிக்கிறது. தொப்பி விளிம்பு கீழேயிருந்து வரும் வெளிச்சத்தைத் தடுக்காது. சாதாரணக் குளிர்கண்ணாடி முதல் விழுதலிலேயே பனிக்குள் போய்விடும். கண்ணாடியில் எஸ்1, எஸ்2, எஸ்3 என்று இருள் அளவு குறித்திருக்கும். கறுத்த எஸ்3 வெயிலுக்கு அருமை, மேகம் மூடினால் மேடு பள்ளம் தெரியாது. ஒன்றுதான் வாங்குவதென்றால் எஸ்2, ஆரஞ்சு அல்லது ரோஜா நிறம். சன்ஸ்கிரீனும் உதட்டுக்குத் தடவுவதும் மறந்தால் திரும்பும்போது மூக்கு உரிந்திருக்கும்.

பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவி, மண்வெட்டி, துழாவுகோல் இவை வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் ஏறிச் சுமார் 3,950 மீட்டரில் இறங்கி, பாதுகாக்கப்படாத சரிவுகளுக்குப் போகிறவர்களுக்கு அவை கட்டாயம். 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கின் அப்படிப்பட்ட சரிவில் பனிச்சரிவு வந்து ரஷ்யச் சறுக்காளர் ஒருவர் உயிரிழந்தார். முதல் பயணத்தில் உங்களுக்கு அங்கே வேலையில்லை, ஆகவே அந்தக் கருவிகளும் வேண்டாம்.

மிஞ்சியிருப்பது ஹெல்மெட். 'குழந்தைகள் சறுக்கும் மேட்டில்தானே விழப்போகிறேன், இதற்கு எதற்கு' என்று என் மச்சினன் கேட்டான். 2009 மார்ச் 16 அன்று கனடாவின் மோன் டிரெம்ப்ளான் மலையில், புதியவர்களுக்கான சரிவில் பாடம் கற்றுக்கொண்டிருந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தார். எழுந்தார், பேசினார், மருத்துவ உதவி வேண்டாம் என்றார். மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து இரண்டு நாளில் இறந்தார். எதிர்த் தரப்பும் வெறுங்கையோடு இல்லை: 2013 டிசம்பரில் பிரான்சின் மெரிபெல் மலையில் பாறையில் மோதித் தலையில் படுகாயமடைந்த மைக்கேல் ஷூமாக்கர் ஹெல்மெட் அணிந்துதான் இருந்தார். 2010இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஹெல்மெட் தலைக்காயத்தின் அபாயத்தை 35 விழுக்காடு குறைப்பதாகக் கணக்கிட்டது. முழுக் காப்பு கிடையாது, ஆனால் மொத்த மூட்டையிலும் உயிரோடு சம்பந்தப்பட்ட பொருள் இது ஒன்றுதான்.

வாடகைக்கு எடுக்கலாம். உள்ளே ஈ.என். 1077 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 2040 என்ற தரக்குறி இருக்க வேண்டும், நுரையில் விரிசல் இருக்கக் கூடாது, தாடைக் கொக்கி பிடிக்க வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது. தரக்குறி உள்ளது அங்கே கிடைக்குமா என்று சந்தேகமிருந்தால், தூவி ஜாக்கெட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். தரக்குறி உள்ள ஹெல்மெட் கையில் இல்லாத நாளில் சரிவுக்குப் போகாதீர்கள்.